பாப் கிரஹாம் சுற்று: ஆட்டுப்பாதை அக்கா ஜூனில் கிளம்புகிறார், யார் யார் துணைக்கு?

கெண்டைக்கால்

வணக்கம் மக்களே. நம்ம ஆட்டுப்பாதை அக்கா ஒருவழியாகத் தேதி குறித்துவிட்டார். ஜூன் மூன்றாவது வாரம், வெள்ளி மாலை 7 மணி, கெஸ்விக் ஊர் நடுவில் இருக்கும் மூட் ஹால் வாசலிலிருந்து. அவராக இங்கே வந்து சொல்லமாட்டார், அதனால் அவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு இழையை நான் தொடங்குகிறேன்.

புதியவர்களுக்காக: இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் 42 முகடுகள், ஏறக்குறைய 106 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 8,200 மீட்டர் அளவில், எல்லாம் 24 மணி நேரத்துக்குள். கிளம்பிய அதே கதவை வந்து தொட்டால்தான் முடிந்தது. கெஸ்விக்கில் தங்கும் விடுதி நடத்திக்கொண்டிருந்த பாப் கிரஹாம் 1932 ஜூனில் இதை 23 மணி 39 நிமிடத்தில் முடித்தார். அதற்கப்புறம் 1960இல் ஆலன் ஹீட்டன் வரும்வரை வேறு யாரும் 24 மணிக்குள் அதை முடிக்கவில்லை. இன்று முடித்தவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கிறார்கள் என்றாலும், அதில் நம்ம ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று நினைக்கிறேன்.

இந்தச் சுற்றுக்கென்று இருக்கும் கிளப்பில் பெயர் ஏற வேண்டுமானால் ஒவ்வொரு முகட்டிலும் கூட ஒரு சாட்சி இருக்க வேண்டும், நேரத்தைக் குறித்தாக வேண்டும். ஐந்து கட்டத்துக்கும் ஆள் தேவை. நான் முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் எடுத்துக்கொள்கிறேன், மீதியை நீங்கள் சொல்லுங்கள். "வாழ்த்துகள்" என்று மட்டும் எழுதிவிட்டு ஓடிவிடாதீர்கள்.

ஊறுகாய்ஜாடி

வாழ்த்துகள்!! (ஓடவில்லை, இங்கேதான் இருக்கிறேன்.)

எனக்கு மலையேற வராது, முழங்கால் போய்விட்டது. ஆனால் கார் இருக்கிறது, பெரிய பிளாஸ்க்குகள் இருக்கின்றன, ராத்திரி விழித்திருக்கவும் முடியும். கார் நிற்கக்கூடிய நான்கு இடத்திலும் நான் இருப்பேன்: திரெல்கெல்ட், டன்மெயில் ரைஸ், வாஸ்டேல், ஹானிஸ்டர். அக்கா என்ன சாப்பிடுவார் என்று மட்டும் சொல்லுங்கள்.

வரைபடப்பித்தன்

மூன்றாம் கட்டம் எனக்கு. ஸ்டீல் ஃபெல்லில் தொடங்கி ஸ்காஃபெல் வரை 15 முகடு, சுற்றின் மிக நீண்ட, மிகச் சிக்கலான பகுதி. பாதை தவற அங்கே ஆயிரம் வழி உண்டு, அதனாலேயே பிடிக்கும்.

மாலை 7 மணிக்குக் கிளம்புவது நல்ல முடிவு. ஜூனில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், முதல் கட்டத்து முகடுகளான ஸ்கிடா, கிரேட் கால்வா, பிளென்கத்ரா மூன்றையும் இருட்டுவதற்குள் பெரும்பாலும் தாண்டிவிடலாம். இருட்டு முழுக்க இரண்டாம் கட்டத்தில் விழும், அங்கே முதலில் வரும் கிளஃப் ஹெட் ஏற்றம் செங்குத்து, ஏறிவிட்டால் ஹெல்வெலின் வரை அகலமான புல்முதுகு. கால் தடுக்கும் இடம் குறைவு. விடியும்போது டன்மெயிலில் இருப்பார், பாறை வரும் இடமெல்லாம் பகலில். நள்ளிரவுக்குக் கிளம்பினால் முதல் கட்டத்தின் புதரிலும் சேற்றிலும் ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் தடவ வேண்டும், கால்டியூ ஆற்றையும் இருட்டில் தாண்ட வேண்டும்.

23 மணி நேர அட்டவணை ஒன்று போட்டேன். திரெல்கெல்ட் இரவு 10.55, டன்மெயில் அதிகாலை 3.50, வாஸ்டேல் காலை 10.15, ஹானிஸ்டர் மதியம் 3.20, கெஸ்விக் மாலை 6. நடுவில் நிற்கும் நேரம் மொத்தம் 50 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது.

சும்மா_நடப்பவன்

தப்பாக நினைக்க வேண்டாம், ஒரு சந்தேகம். இது மலை ஓட்டக்காரர்கள் செய்வதல்லவா? அக்கா நல்ல நடைக்காரர், நானே அவர் பின்னால் மூச்சு வாங்கியிருக்கிறேன், ஆனால் ஓடுபவர் இல்லை. நாம் எல்லோரும் கைதட்டிக் கைதட்டியே ஒருவரை ஆபத்தில் தள்ளிவிடக்கூடாது.

மேற்குச்சரிவு

கேட்க வேண்டிய கேள்விதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 106 கிமீயை 24ஆல் வகுத்தால் மணிக்கு நாலரைக்குக் கொஞ்சம் கீழே. ஏற்றத்தில் யாரும் ஓடுவதில்லை, சுமாரான நேரத்தில் முடிப்பவர்கள் எல்லோருமே ஏற்றத்தை நடந்துதான் கடக்கிறார்கள். சமதளத்திலும் புல் இறக்கத்திலும் மெதுவாக ஓடினால் போதும். வேகத்தைவிட, பதினைந்தாவது மணி நேரத்திலும் இறக்கத்தில் தொடை ஒத்துழைக்கிறதா என்பதுதான் விஷயம். அதற்கு ஒரே பயிற்சி ஏறி இறங்குவது, திரும்ப ஏறி இறங்குவது. அக்கா குளிர்காலம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

சாதனை படைத்தவர்களின் நேரத்தை வைத்துப் பயப்பட வேண்டாம். பில்லி பிளாண்ட் 1982இல் 13 மணி 53 நிமிடம், அது 36 வருஷம் நின்றது, 2018இல் கிலியன் ஜோர்னே 12 மணி 52க்குக் கொண்டுவந்தார், 2022இல் ஜாக் குன்ஸ்லி அதையும் அரை மணி நேரத்துக்குக் கிட்டக் குறைத்தார். அதெல்லாம் வேறு உலகம். ஆனால் கிலியன் முடிக்கும்போது மூட் ஹாலில் நின்று வரவேற்றவர் யார் தெரியுமா? பில்லி பிளாண்டேதான். தன் நேரம் உடைவதைப் பார்க்க வந்து நின்றார். இந்தச் சுற்றின் பழக்கவழக்கம் அப்படி, எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

நான்காம் கட்டம் எனக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

தனிவழி

கூட்டமாகப் போய்ச் சாப்பாடு ஊட்டி, பை தூக்கி, வழி காட்டி ஒருவரை முடிக்க வைத்தால் அது யாருடைய சாதனை? தன் பையைத் தானே சுமந்து, தன் வழியைத் தானே பார்த்துப் போனால்தான் எனக்கு மதிப்பு. அக்காவைக் குறை சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

மேற்குச்சரிவு

பொதுவாகவே பதில் சொல்கிறேன். 1932இல் பாப் கிரஹாமுக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் துணை இருந்தது. தனியாகப் போகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு என் மரியாதை உண்டு. ஆனால் துணையோடு போவது என்னவோ கள்ளத்தனம் மாதிரிப் பேசுவது சரியில்லை. 42 முகட்டையும் ஏறுவது அவர் கால்தான். மற்றபடி, போன வருஷம் துணைக்குப் போனவர் இந்த வருஷம் ஏறுகிறார், இந்த வருஷம் ஏறுபவர் அடுத்த வருஷம் இன்னொருவருக்குத் தண்ணீர் தூக்குகிறார். வாஸ்டேலில் ஆடு வளர்த்த ஜாஸ் நெய்லர், 1975இல் 24 மணி நேரத்தில் 72 முகடு ஏறிய மனுஷர், 2024இல் காலமானார், அவரே எத்தனையோ பேருக்குக் கூட நடந்திருக்கிறார். அவருக்கில்லாத ரோஷம் நமக்கெதற்கு?

தனிவழி

சரி, ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் சண்டையும் இல்லை. இரண்டாம் கட்டத்துக்கு ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், ராத்திரி நடை எனக்குப் பழக்கம்.

கெண்டைக்கால்

😂 எழுதிக்கொண்டேன்.

ஆட்டுப்பாதை

இவ்வளவு பேர் வருவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி, அதோடு சில கோரிக்கைகள், முன்பே சொல்லிவிடுகிறேன்.

கூட வருபவர்கள் "சூப்பரா போறீங்க" என்று சொல்ல வேண்டாம். நான் எப்படிப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். அட்டவணைக்கு எத்தனை நிமிடம் முன்னே அல்லது பின்னே என்று மட்டும் சொல்லுங்கள், அதுவும் நான் கேட்காமலே, ஒவ்வொரு முகட்டிலும். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவேன். அரை மணிக்கு ஒரு தடவை கையில் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள், வேண்டாம் என்று நான் சொன்னாலும் கொடுங்கள். இரவு மூன்று மணிக்குப் பேச மாட்டேன், கோபம் என்று நினைக்காதீர்கள், நீங்கள் பேசிக்கொண்டே வாருங்கள், ஏதோ குடும்பக் கதை, சினிமா, எதுவானாலும் சரி.

எனக்குப் பயம் இரண்டு இடத்தில். ஒன்று வாஸ்டேல். ஸ்காஃபெல்லிலிருந்து சரளைக்கல்லில் 900 மீட்டர் இறங்கி வந்து, கார் நிற்கிறது, சூடாக டீ இருக்கிறது, எதிரே அடுத்து ஏற வேண்டிய யூபாரோ மலை சுவர் மாதிரி நிற்கிறது. நிறைய முயற்சிகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள், பார்த்தால் ஏனென்று புரியும். இரண்டாவது பிராட் ஸ்டாண்ட். அதைப் பற்றி வரைபடப்பித்தன் தம்பி என்ன நினைக்கிறார்?

சாப்பாடு: தயிர்சாதம் நன்றாகக் குழைத்து, மாங்காய் ஊறுகாய் கொஞ்சம். உப்புப் போட்டு வேகவைத்த குட்டி உருளைக்கிழங்கு. காஸ் போன கோலா. வாஸ்டேலில் ரசம்.

வரைபடப்பித்தன்

அக்கா, பிராட் ஸ்டாண்ட் பற்றித் தெளிவாகவே சொல்கிறேன், மற்றவர்களும் படிக்கட்டும்.

ஸ்காஃபெல் பைக் இங்கிலாந்தின் உயரமான மலை, 978 மீட்டர். பக்கத்திலேயே ஸ்காஃபெல், 964. நடுவில் மிக்கிள்டோர் என்ற கணவாய். கணவாயிலிருந்து ஸ்காஃபெல்லுக்கு நேராக ஏறினால் பிராட் ஸ்டாண்ட். ஒரு ஆள் பக்கவாட்டில் நெளிந்து போகும் பாறை இடுக்கு, அதைத் தாண்டி வெளிப்புறமாகச் சாய்ந்த வழுக்குப் பாறைப் படி. உயரம் அதிகமில்லை, ஆனால் கைவிட்டால் கீழே எங்கே போய் நிற்போம் என்று சொல்ல முடியாது, அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. காய்ந்திருந்தால், மேலே தெரிந்த ஆள் கயிறோடு உட்கார்ந்திருந்தால், சில நிமிடத்தில் ஏறிவிடலாம்.

மாற்று வழி இரண்டு. வாஸ்டேல் பக்கமாக லார்ட்ஸ் ரேக் ஏறி மேற்குச் சுவர் வழி; அல்லது எஸ்க்டேல் பக்கம் இறங்கி ஃபாக்ஸஸ் டார்ன் ஓடை வழியாக ஏறுவது. இரண்டும் நேரம் தின்னும், ஃபாக்ஸஸ் டார்னில் கணிசமாக உயரம் இழந்து திரும்ப ஏற வேண்டும். ஆனால் பாறை ஈரமாக இருந்தால் நான் ஃபாக்ஸஸ் டார்ன்தான் கூட்டிப்போவேன், மிக்கிள்டோரில் நின்று விவாதம் கிடையாது. அட்டவணையில் அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கவில்லை, போனால் வேறெங்காவது மீட்க வேண்டும்.

சும்மா_நடப்பவன்

இதைப் படித்ததும் என் சந்தேகம் தீர்ந்தது. கயிறோடு போய் உட்காரும் வேலை எனக்கு. பாறையேற்றம் தெரியும், வாஸ்டேலிலிருந்து காலையில் ஏறி மேலே காத்திருப்பேன். மழையென்றால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வருவேன், கவலை வேண்டாம்.

ஊறுகாய்ஜாடி

வாஸ்டேலுக்கு என் திட்டம்: நாற்காலி கொண்டுவரப்போவதில்லை. எல்லோரும் மடக்கு நாற்காலி போட்டு வைப்பார்கள், அதில் உட்கார்ந்தவர் எழுந்ததில்லை. நின்றுகொண்டே ரசம், நின்றுகொண்டே சாதம், ஷூ மாற்ற மட்டும் கார் டிக்கியின் விளிம்பு. மன்னிக்கவும் அக்கா.

இன்னொன்று, மலை வழியே பக்கம் பக்கமாக இருந்தாலும் டன்மெயிலிலிருந்து வாஸ்டேலுக்குக் கார் சாலை பெரிய சுற்று, குறுகலான சந்துகள் வேறு. விடிகாலையில் அக்கா கிளம்பிய உடனே நானும் கிளம்பினால்தான் நிம்மதி.

ஆட்டுப்பாதை

நாற்காலி இல்லாதது மனிதாபிமானமே இல்லை. சரி.

மேற்குச்சரிவு

இதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நிக்கி ஸ்பிங்க்ஸ், யார்க்‌ஷரில் பண்ணை வைத்திருப்பவர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர், 2016இல் இதே சுற்றை அடுத்தடுத்து இரண்டு தடவை, மொத்தம் 45 மணி 30 நிமிடத்தில் முடித்தார். மூட் ஹாலைத் தொட்டுவிட்டுத் திரும்பவும் கிளம்பினார். யூபாரோ அடிவாரத்தில் உங்களுக்கு அழுகை வந்தால் இதை ஞாபகப்படுத்துவேன், அப்போது என்னைத் திட்டலாம்.

கெண்டைக்கால் (வெள்ளி, மாலை 7.20)

கிளம்பியாயிற்று! கதவைத் தொட்டு, சரியாக ஏழு மணிக்கு. நான் கூடவே போவதால் இனி அக்கா இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் டிராக்கர் புள்ளியைப் பார்த்து மற்றவர்கள் எழுதுங்கள். மேகம் தாழ்வாக இருக்கிறது, மழை இல்லை.

ஊறுகாய்ஜாடி (வெள்ளி, இரவு 11.15)

திரெல்கெல்ட் 10.58. மூன்று நிமிடம் பின்னால். கால்டியூ முழங்காலுக்குக் கீழேதான் இருந்ததாம். பிளென்கத்ராவில் ஹால்ஸ் ஃபெல் முதுகு வழியாக இறங்கியிருக்கிறார்கள், கடைசியில் தூறல் பிடித்துப் பாறை வழுக்கியதாம். சாதம் பாதி சாப்பிட்டார். 11.08க்குத் தனிவழியோடு கிளம்பிவிட்டார். கெண்டைக்கால் என் காரில் குறட்டை.

மேற்குச்சரிவு (சனி, அதிகாலை 2.35)

தூக்கம் வரவில்லை. புள்ளி ஹெல்வெலின் தாண்டிவிட்டது. ஆனால் தூறல் நிற்கவில்லை போல.

ஊறுகாய்ஜாடி (சனி, அதிகாலை 4.25)

டன்மெயில் 4.06. பதினாறு நிமிடம் பின்னால். மேகத்துக்குள் ஃபேர்ஃபீல்டில் ஏறி இறங்கும் இடத்தில் கொஞ்சம் தடுமாற்றமாம், சீட் சாண்டல் இறக்கம் முழுக்கச் சேறு. தனிவழி ராத்திரி முழுக்கத் தன் சித்தப்பா வீட்டுச் சொத்துத் தகராற்றைச் சொல்லிக்கொண்டே வந்தாராம், அக்கா "அப்புறம் அந்தக் கிணறு யாருக்குப் போச்சு?" என்று கேட்டதுதான் இரண்டு மணி நேரத்தில் அவர் பேசிய ஒரே வார்த்தை. 4.20க்குக் கிளம்பிவிட்டார், வரைபடப்பித்தன் கூட. நான் வண்டியை எடுக்கிறேன்.

மேற்குச்சரிவு (சனி, காலை 9.40)

புள்ளி மிக்கிள்டோரில் ரொம்ப நேரமாக நிற்கிறது. வாஸ்டேலில் சிக்னல் கிடையாது, யாரையும் பிடிக்க முடியவில்லை... சரி, நகர்கிறது. கிழக்கே இறங்குகிறது. ஃபாக்ஸஸ் டார்ன் எடுத்துவிட்டார்கள். சரியான முடிவுதான், ஆனால் நேரம்! கிரேட் எண்டிலிருந்து இல் கிராக், பிராட் கிராக் வரை பெருங்கற்கள் எல்லாம் ஈரமாக இருந்திருக்கும், அங்கேயே நிறையப் போயிருக்கிறது. நான் கீழே போய் ஷூ கட்டுகிறேன்.

கெண்டைக்கால் (சனி, மதியம் 12.50)

இப்போதுதான் சிக்னல் வந்தது. வாஸ்டேல் 11.02, அதாவது 47 நிமிடம் பின்னால். எட்டே நிமிடத்தில் கிளம்பிவிட்டார்! ரசத்தை நின்றுகொண்டே குடித்தார், டிக்கி விளிம்பில்கூட உட்காரவில்லை, ஷூ மாற்றவில்லை. வரைபடப்பித்தன் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "47 பின்னால். 24க்குள் முடியும். இனி நிற்க நேரமில்லை." அக்கா தலையாட்டிவிட்டு யூபாரோ பக்கம் திரும்பி நடந்தார். ஊறுகாய்ஜாடி அந்தப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார் (நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்).

வெயில் வந்துவிட்டது. பாறை காய்கிறது.

சும்மா_நடப்பவன் (சனி, பிற்பகல் 2.30)

ஈரக் கயிற்றோடு இறங்கி வந்துவிட்டேன். மேலே நின்று பார்த்தேன், பாறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அங்கே ஏற்றியிருக்கவே முடியாது. புள்ளி இப்போது கர்க் ஃபெல் இறக்கத்தில். ஸ்டீப்பிள், பில்லர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டிருக்கிறார். கிரேட் கேபிள் ஏறிவிட்டால் அப்புறம் பெரிய ஏற்றம் டேல் ஹெட் ஒன்றுதான். போங்கள் அக்கா!!

தனிவழி (சனி, மாலை 4.12)

ஹானிஸ்டர் 4.05. மூன்றே நிமிடம் நின்றார், 4.08க்குக் கெண்டைக்காலோடு போய்விட்டார். கெஸ்விக்குக்கு இரண்டு மணி 52 நிமிடம் இருக்கிறது. நான் எதற்காக இன்னும் வீட்டுக்குப் போகாமல் இங்கே நின்று கத்திக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

வரைபடப்பித்தன் (சனி, மாலை 5.35)

ராபின்சன் முடிந்தது, 42உம் ஆயிற்று. இனி நியூலண்ட்ஸ் பள்ளத்தாக்கில் இறங்கிச் சாலை ஓட்டம், 8 கிமீ போல. அங்கே சாலை ஷூ மாற்றினால் கால் பிழைக்கும். நாங்கள் எல்லோரும் மூட் ஹால் வாசலில். சந்தைக்கு வந்தவர்கள் என்னவென்று கேட்டு அவர்களும் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

ஊறுகாய்ஜாடி (சனி, மாலை 6.55)

6.41!!!!! 23 மணி 41 நிமிடம்!!!!!

மேற்குச்சரிவு (சனி, இரவு 8.10)

பாப் கிரஹாமை விட இரண்டே நிமிடம் அதிகம். அவர் டென்னிஸ் ஷூவோடு போனார் என்பது வேறு விஷயம், அதை அக்காவிடம் இப்போது யாரும் சொல்ல வேண்டாம்.

ஆட்டுப்பாதை (திங்கள்)

நேற்று முழுக்கத் தூங்கினேன். மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிகிறது.

எல்லோரும் நான் யூபாரோவில் எப்படி ஏறினேன் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை, ஞாபகமே இல்லை. வாஸ்டேலில் "47 பின்னால், முடியும்" என்று தம்பி சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவன் வார்த்தையை இனிப்பாக்கவில்லை, அதனால் "முடியும்" என்பதையும் நம்பினேன். யாராவது "இன்னும் கொஞ்சம்தான்" என்றிருந்தால் அங்கேயே படுத்திருப்பேன். ஷூ மாற்றாததற்கு விலையாகக் கட்டைவிரல் நகம் இரண்டும் போகப்போகிறது. சாலையில் கெண்டைக்கால் எனக்கு முன்னால் பத்தடி தள்ளியே ஓடினான், பக்கத்தில் வரவே இல்லை, அவனைப் பிடிக்கிறேன் பிடிக்கிறேன் என்றே ஊர் வந்துவிட்டது. வேண்டுமென்றே செய்தானா?

கெண்டைக்கால்

வேண்டுமென்றேதான். எனக்கும் உயிர் போய்விட்டது.

சும்மா_நடப்பவன்

அக்கா, கிளப்புக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டுமே. ஒவ்வொரு முகட்டு நேரமும் சாட்சியும் யாரிடம் இருக்கிறது?

வரைபடப்பித்தன்

என் கட்டத்தின் நோட்டு நனைந்து ஒட்டிப்போய் ரேடியேட்டர் மேல் காய்கிறது. இல் கிராக் நேரம் மட்டும் மை கரைந்துவிட்டது, ஆனால் என் கைக்கடிகாரத்தில் பதிவு இருக்கிறது, எடுத்து எழுதிவிடுகிறேன். தனிவழி, உங்கள் இரண்டாம் கட்டத்து 12 முகடு நேரத்தையும் அனுப்புங்கள். புதன்கிழமைக்குள் எல்லாம் ஒரே தாளில் அக்காவுக்கு வந்துவிடும்.

தனிவழி

அனுப்பிவிட்டேன். அப்படியே ஒரு விஷயம். அடுத்த ஜூனில் நானும் போகலாமென்று இருக்கிறேன். துணை... ஒன்றிரண்டு பேர் வந்தால் போதும்.

ஊறுகாய்ஜாடி

தேதியைச் சொல்லுங்கள். உங்களுக்கும் நாற்காலி கிடையாது.